தனித்தொகுதியும் தலித் பெண்ணும்: வேட்பாளரைத் தேர்வது யார்?

2024 மக்களவைத் தேர்தலில் 74 பெண்கள் வெற்றி பெற்றனர். 543 உறுப்பினர்கள் கொண்ட அவையில் இது நூற்றுக்குப் பதினான்கு பேரைக்கூட எட்டவில்லை. 2019இல் 78 பேர் இருந்தனர், எண்ணிக்கை குறைந்திருக்கிறது. மகளிருக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் வழங்கும் 106ஆவது அரசமைப்புத் திருத்தம் 2023 செப்டம்பரில்தான் நிறைவேறியது. மக்களவையில் ஆதரவு 454, எதிர்ப்பு 2. மாநிலங்களவையில் எதிர்ப்பே இல்லை. அந்தப் பெருமையில் பங்கு கேட்காத கட்சி அரிது. சில மாதங்கள் கழித்து அதே கட்சிகள் வேட்பாளர் பட்டியலைத் தயாரித்தபோது, நாடு முழுவதும் களத்தில் நின்றவர்களில் பத்தில் ஒருவர்கூடப் பெண்ணாக இல்லை.

சட்டம் இன்னும் நடைமுறைக்கு வரவில்லையே என்பது அப்போது சொல்லப்பட்ட விளக்கம். ஒரு கட்சி தானாக முன்வந்து மூன்றில் ஒரு பங்கைப் பெண்களுக்குத் தருவதற்கு எந்தச் சட்டமும் தடையாக இருந்ததில்லை. 2019இல் ஒடிசாவின் பிஜு ஜனதா தளம் 21 தொகுதிகளில் ஏழைப் பெண்களுக்கு, அதாவது 7 இடங்களை, ஒதுக்கியது, ஐவர் வென்றனர். அஸ்கா தொகுதியில் வென்ற பிரமிளா பிசோயி மகளிர் சுயஉதவிக் குழுவிலிருந்து வந்தவர். மனம் இருந்த இடத்தில் இது நடந்தது.

பெண்கள் என்ற பொதுச்சொல்லுக்குள் தலித் பெண்ணின் நிலையைத் தனியே பிரித்துப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம். அவரைத் தடுப்பவை குடும்பச்சுமை, பணம், வசைமொழி ஆகியவை என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. மூன்றும் உண்மை. ஆயினும் இவற்றுக்கெல்லாம் முன்பாக நிற்கும் தடை வேறு. தனித்தொகுதியில் யார் நிற்க வேண்டும் என்ற முடிவை எடுக்கும் இடத்தில் தலித் மக்களுக்கே குரல் இல்லை. அவர்களுள் பெண்களுக்கு அறவே இல்லை.

கொச்சியிலிருந்து ஆலத்தூர் வரை

அரசியல் நிர்ணய சபையில் இடம்பெற்ற பெண்கள் 15 பேர். அவர்களுள் தலித் ஒருவரே: தாட்சாயணி வேலாயுதன். 1912இல் கொச்சியை அடுத்த முளவுகாட்டில் புலையர் குடும்பத்தில் பிறந்தவர். இந்தியாவில் பட்டம் பெற்ற முதல் தலித் பெண். 1945இல் கொச்சி சட்டமன்றத்தின் உறுப்பினர். நிர்ணய சபையில் தனித்தொகுதி வாக்காளர் முறையை எதிர்த்துப் பேசிய அவருடைய கருத்தோடு நாம் உடன்பட வேண்டியதில்லை. தமக்கென ஒரு கருத்து கொண்டு, அம்பேத்கரும் காந்தியும் எதிரெதிரே நின்ற ஒரு பிரச்சினையில் தம் சொல்லைத் துணிந்து வைத்தவர் என்பதே முக்கியம்.

இடைக்கால நாடாளுமன்றத்தில் தாட்சாயணியும் அவருடைய கணவர் ஆர். வேலாயுதனும் சேர்ந்து உறுப்பினர்களாக இருந்தனர். 1952இல் மக்களே வாக்களித்த முதல் பொதுத்தேர்தல் வந்தது. கொல்லம்–மாவேலிக்கரைத் தொகுதியிலிருந்து கணவர் மக்களவைக்குச் சென்றார். தாட்சாயணியின் நாடாளுமன்ற வாழ்வு அத்துடன் முடிந்தது. 1971இல் அடூர் தனித்தொகுதியில் நின்று நான்காம் இடம் பெற்றார். அந்தத் தேர்தலில் அங்கு வென்றவரும் ஒரு தலித் பெண்தான்: இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் பார்கவி தங்கப்பன்.

அதற்குப் பிறகு கேரளத்திலிருந்து இன்னொரு தலித் பெண் மக்களவைக்குள் நுழைய 48 ஆண்டுகள் ஆயின. 2019இல் ஆலத்தூரில் ரம்யா ஹரிதாஸ் வென்றார். கூலித் தொழிலாளியின் மகள். குந்நமங்கலம் வட்டார ஊராட்சித் தலைவராக இருந்தவர். பரப்புரை மேடையில் அவர் பாடியதைக் கேலி செய்தார்கள். இடது முன்னணியின் மூத்த தலைவர் ஒருவர் மேடையிலேயே அவரை இழிவுபடுத்திப் பேச, ரம்யா காவல்துறையில் புகார் கொடுக்க நேர்ந்தது. முற்போக்கு என்ற அடைமொழி நாவைக் கட்டுப்படுத்துவதில்லை என்பதை நாம் குறித்துக்கொள்ளலாம். 2024இல் அவர் தோற்றார். அந்தப் பொதுத்தேர்தலில் கேரளத்தின் 20 தொகுதிகளிலும் வென்றவர்கள் ஆண்களே. எழுத்தறிவில் நாட்டுக்கே முன்னோடி என்று பாடநூல்கள் பாராட்டும் மாநிலம் அது.

தமிழ்நாட்டின் வரலாறும் இதற்குத் தூரத்து உறவு அல்ல. பட்டியல் சாதிகள் கூட்டமைப்பின் பெண்கள் மாநாடுகளுக்குத் தலைமை தாங்கிய அன்னை மீனாம்பாள் சிவராஜ் நாடாளுமன்றத்தின் படியேறவில்லை. அவருடைய கணவர் என். சிவராஜ் 1957இல் மக்களவை உறுப்பினரானார். சத்தியவாணி முத்து 1967இல் அண்ணா அமைச்சரவையில் இடம்பெற்றவர். தாழ்த்தப்பட்டோர் புறக்கணிக்கப்படுகிறார்கள் என்று 1974இல் திமுகவிலிருந்து வெளியேறித் தாழ்த்தப்பட்டோர் முன்னேற்றக் கழகம் கண்டார். பின்னர் அதிமுகவில் இணைந்து, 1979இல் சரண் சிங் அரசில் ஒன்றிய அமைச்சரானார். திராவிடக் கட்சியிலிருந்து ஒன்றிய அமைச்சரவைக்குச் சென்ற முதல் இருவருள் ஒருவர் தலித் பெண் என்பது எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? அவர் தில்லி சென்றது மாநிலங்களவை வழியாக. 2023 திருத்தம் மாநிலங்களவையைத் தொடவே இல்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும்.

பூனா ஒப்பந்தத்தின் மறைந்த பிரிவு

1932 செப்டம்பர் 24 அன்று கையெழுத்தான பூனா ஒப்பந்தத்தைப் பற்றி நம் மேடைகளில் பேசாத நாளில்லை. இரட்டை வாக்குரிமை பறிபோனதைச் சொல்கிறோம். 148 இடங்களைச் சொல்கிறோம். இரண்டாம் பிரிவை மட்டும் பெரும்பாலும் விட்டுவிடுகிறோம். தனித்தொகுதியில் இறுதி வாக்கெடுப்பு எல்லாச் சாதியினரும் கலந்தது. ஆனால் அதற்கு முன்பு ஒடுக்கப்பட்ட வகுப்பு வாக்காளர்கள் மட்டும் வாக்களித்து நால்வரைத் தேர்ந்தெடுப்பார்கள். அந்த நால்வரே பொது வாக்காளர்முன் வேட்பாளர்களாக நிற்பார்கள். பத்தாண்டுகளுக்கு என்று வகுக்கப்பட்ட ஏற்பாடு இது. 1937 தேர்தலிலும் 1945–46 தேர்தலிலும் நடைமுறையில் இருந்தது. அரசமைப்புச் சட்டத்தின் 330, 332ஆம் உறுப்புகள் தனித்தொகுதியை வைத்துக்கொண்டன, முன்தேர்வை விட்டுவிட்டன.

அந்த ஏற்பாட்டில் குறைகள் இருந்தன. வேட்பாளர் நால்வருக்கு மேற்படாத இடங்களில் முன்தேர்வே நடக்காது. இருப்பினும் ஒரு கோட்பாடு அதில் இருந்தது: எங்கள் சார்பில் யார் நிற்பது என்பதை முதலில் நாங்கள் சொல்வோம். இன்று அந்த நால்வர் பட்டியல் கட்சித் தலைமையின் சட்டைப்பையில் இருக்கிறது. தனித்தொகுதிகள் அனேகமாக எல்லாவற்றிலும் தலித் அல்லாதாரே வாக்காளர்களில் பெரும்பான்மை. ஆகவே மாவட்டச் செயலாளர் முதலில் பார்ப்பது, மற்ற சாதியார் முகம் சுளிக்காத வேட்பாளரை. கோயில் நுழைவுப் போராட்டத்திலோ நில மீட்பிலோ முன்னே நின்ற தலித் தலைவர் அந்த வடிகட்டியில் தங்கமாட்டார். வன்கொடுமை வழக்கில் சாட்சிகளைத் திரட்டிய பெண் தலைவர் அந்த அறைக்குள் பேசப்படவே மாட்டார்.

பெண்ணுக்கு இரண்டாவது வடிகட்டி ஒன்றும் உண்டு. கணவர் என்ன செய்கிறார், இரவில் ஊர் ஊராகச் சுற்ற முடியுமா, செலவுக்கு எங்கே போவார் என்ற கேள்விகள் ஆண் வேட்பாளரிடம் கேட்கப்படுவதில்லை. செலவைப் பற்றிய கேள்வி மட்டும் விதிவிலக்கு. பட்டியல் சாதி வேட்பாளருக்கு வைப்புத்தொகை பாதியாகக் குறைக்கப்பட்டு 12,500 ரூபாயாக இருக்கிறது. மக்களவை வேட்பாளர் பெரிய மாநிலத்தில் செலவழிக்க அனுமதிக்கப்பட்ட உச்சவரம்பு 2022 முதல் 95 லட்சம். கட்சி தன் கணக்கில் செய்யும் செலவுக்கு வரம்பே இல்லை. நிலமற்ற குடும்பத்துப் பெண்ணுக்குச் சலுகை வாயிற்படியில்தான் கிடைக்கிறது. உள்ளே இருக்கும் விலை எல்லாருக்கும் ஒன்றே.

விளைவை 2024இன் தேர்தல் முடிவுகளிலேயே காணலாம். சோலாப்பூரில் பிரணிதி ஷிண்டே, சிர்சாவில் குமாரி செல்ஜா, சமஸ்திப்பூரில் ஷாம்பவி சௌத்ரி, மச்லிஷகரில் பிரியா சரோஜ் ஆகியோர் தனித்தொகுதிகளில் வென்ற பெண்கள். நால்வருமே அரசியல் தலைவர்களின் மகள்கள். மும்பை வடமத்தியத் தொகுதியில், அதுவும் பொதுத்தொகுதியில், வென்ற வர்ஷா கெய்க்வாட்டும் அப்படியே. இவர்களின் திறமையை நாம் ஐயுறவில்லை. தலித் குடும்பமும் அரசியல் மரபை உருவாக்கலாம், மற்றவர்கள் உருவாக்கவில்லையா? நாம் சுட்டுவது தேர்வு செய்பவரின் கணக்கை. தலித் பெண் என்றால் தயங்கும் தலைமை, தெரிந்தவர் மகள் என்றால் தயங்குவதில்லை.

மறுபக்கம் பரத்பூரின் சஞ்சனா ஜாதவ் இருக்கிறார். ஆல்வார் மாவட்டக் கவுன்சில் உறுப்பினராகத் தொடங்கியவர். 2023இல் கதூமர் சட்டமன்றத் தொகுதியில் 409 வாக்குகளில் தோற்றார். தோற்ற பெண்ணுக்குக் கட்சிகள் இரண்டாம் வாய்ப்புத் தருவது அரிது, அவருக்குத் தரப்பட்டது. சில மாதங்களில் மக்களவை உறுப்பினரானார். உள்ளாட்சியிலிருந்து தில்லிவரை ஏணி இருக்கிறது என்பதற்கு அவர் சான்று. அவரைப் போல இன்னும் பத்துப் பெயர்களை நம்மால் எளிதாகச் சொல்ல முடியவில்லை என்பதும் ஒரு சான்றே.

தகுதியான பெண்கள் கிடைப்பதில்லை என்று சொல்வோருக்கு ஒரு தேதியை நினைவூட்டுவோம். 1942 ஜூலை 20, நாக்பூர். சுலோசனாபாய் டோங்ரே தலைமையில் நடந்த ஒடுக்கப்பட்ட வகுப்புப் பெண்கள் மாநாட்டில் ஏறத்தாழ 25,000 பெண்கள் கூடினர். மணவிலக்கு உரிமை, பலதார மணத் தடை, ஆலைப் பெண்களின் ஊதிய விடுப்பு எனத் தீர்மானங்கள் இயற்றினர். இந்து சட்டத் தொகுப்பு மசோதாவுக்காக அம்பேத்கர் பதவி துறப்பதற்கு ஒன்பது ஆண்டுகள் முன்பு அது.

மாயாவதிக்கு விதிக்கப்பட்ட விலை

1985இல் பிஜ்னோர் தனித்தொகுதிக்கு இடைத்தேர்தல் நடந்தது. காங்கிரஸ் சார்பில் மீரா குமார், எதிரே ராம் விலாஸ் பஸ்வான், மூன்றாவதாக மாயாவதி. ஜகஜீவன் ராமின் மகளான மீரா குமார் வென்றார். பின்னாளில், 2009இல், மக்களவையின் முதல் பெண் தலைவரானார். தில்லிப் பள்ளி ஆசிரியையாக இருந்து கன்ஷிராமின் இயக்கத்துக்கு வந்த மாயாவதி அந்தத் தேர்தலில் மூன்றாம் இடத்துக்குத் தள்ளப்பட்டார். அதற்கு முன் கைரானாவில் தோற்றிருந்தார். 1987இல் ஹரித்வாரிலும் தோற்றார். 1989இல் அதே பிஜ்னோரில் வென்றார். அவரைத் திரும்பத் திரும்ப நிறுத்த ஒரு கட்சி இருந்தது. அந்தக் கட்சியின் வேட்பாளர் பட்டியலை வேறொரு சாதியின் தலைமை எழுதவில்லை. மாயாவதி உருவானதற்கு நாம் காணும் முதன்மைக் காரணம் இதுவே.

1995 ஜூன் 2 அன்று லக்னோ அரசு விருந்தினர் மாளிகையில் சமாஜ்வாதிக் கட்சியினரின் கும்பல் அவரை அறைக்குள் முற்றுகையிட்டது. மறுநாள் அவர் உத்தரப் பிரதேச முதலமைச்சராகப் பதவியேற்றார். 2007இல் 403 இடங்களில் 206 வென்று தனிப்பெரும்பான்மை பெற்றார். இவ்வளவுக்குப் பிறகும், 2016 ஜூலையில் உத்தரப் பிரதேச பாஜகவின் துணைத் தலைவராக இருந்த தயாசங்கர் சிங் அவரைப் பற்றிச் சொன்ன சொல்லை இங்கே எழுத நாம் விரும்பவில்லை. கட்சி அவரை ஆறு ஆண்டுகளுக்கு நீக்கியது. ஆறு ஆண்டுகள் முழுமையாகக் கழியும் முன்பே, 2022இல், அவர் அதே மாநிலத்தில் அமைச்சராக இருந்தார். பெண்ணை இழிவுபடுத்துவதற்கு அரசியலில் என்ன தண்டனை என்று கேட்கும் மாணவர்களுக்கு இந்தத் தேதிகளே போதும்.

நம் பக்கத்துக் கணக்கையும் பார்த்துவிடுவோம். பகுஜன் சமாஜ் கட்சியில் மாயாவதிக்கு அடுத்த வரிசையில் பெண் தலைவர்கள் வளர்க்கப்படவில்லை. 2021இல் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்துக்குச் சென்ற விடுதலைச் சிறுத்தைகளின் நால்வரும், 2024இல் மக்களவைக்குச் சென்ற இருவரும் ஆண்கள். கூட்டணியில் கிடைக்கும் இடம் குறைவு என்பது தெரிந்ததே. குறைந்த இடம் எப்போதும் யாருடைய பங்கிலிருந்து கழிக்கப்படுகிறது என்று இயக்கத்துப் பெண்கள் கேட்டால் அதற்குப் பதில் வேண்டும்.

28 இடங்களின் கணக்கு

மகளிர் ஒதுக்கீட்டு மசோதா முதன்முதலாக 1996 செப்டம்பரில் கொண்டுவரப்பட்டது. கீதா முகர்ஜி தலைமையிலான கூட்டுக்குழு ஆராய்ந்தது. மீண்டும் மீண்டும் வந்து காலாவதியானது. 2010 மார்ச் 9 அன்று மாநிலங்களவையில் நிறைவேறி, மக்களவைக்கு வராமலே 2014இல் மடிந்தது. பிற்படுத்தப்பட்ட வகுப்புப் பெண்களுக்கு உள்ஒதுக்கீடு வேண்டும் என்ற கோரிக்கை தொடக்கம் முதலே இருந்தது. 2023லும் ஏற்கப்படவில்லை. அந்தக் கோரிக்கையை நாம் ஆதரிக்கிறோம்.

பட்டியல் சாதிப் பெண்களுக்கு உள்ஒதுக்கீடு உண்டு என்பதால் நமக்குச் சிக்கல் தீர்ந்தது என்று கருதுவோர் இருக்கிறார்கள். இப்போதைய எண்ணிக்கையை வைத்துப் பார்ப்போம். தனித்தொகுதிகள் 84; அதில் மூன்றில் ஒரு பங்கு 28. பழங்குடியினருக்கு 47, அதில் 15 அல்லது 16. எஞ்சிய 412 பொதுத்தொகுதிகளில் ஏறத்தாழ 137 பெண்களுக்கு. தலித் உறுப்பினர்களின் மொத்தம் 84ஆகவே இருக்கும்; 28 ஆண்கள் இடம் விட, 28 பெண்கள் வருவார்கள். அந்த மாற்றம் தேவையானது. தலித் ஆண்கள் அதை இழப்பாகக் கருதிப் புலம்புவதில் பொருளில்லை. ஆனால் அந்த 137 இடங்கள் இருக்கின்றனவே, அவற்றில் தலித் பெண் நிற்கச் சட்டத்தில் தடையில்லை, கட்சிகளின் வழக்கத்தில் தடை உண்டு. பொதுத்தொகுதி என்றால் தலித் அல்லாதார் தொகுதி என்றே எழுபது ஆண்டுகளாகப் பொருள் கொள்ளப்பட்டு வருகிறது. தமிழ்நாட்டின் 7 தனித்தொகுதிகளில் 2024இல் தென்காசியில் மட்டும் பெண் வென்றார்.

28 பேரையும் அதே தலைமைகள்தான் தேரும். உள்ளாட்சியில் முப்பது ஆண்டுகளாக இதைப் பார்த்திருக்கிறோம். 73ஆவது திருத்தம் பட்டியல் சாதி இடங்களுக்குள்ளும் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு தந்தது. தமிழ்நாடு 2016இல் பெண்களின் பங்கைப் பாதியாக உயர்த்தியது. 2020 ஆகஸ்டில் திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில் தலித் பெண் தலைவர் தேசியக்கொடி ஏற்ற முடியாமல் தடுக்கப்பட்டார். பின்னர் ஆட்சியர் முன்னிலையில் ஏற்றினார். அதே ஆண்டு கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் தலித் பெண் தலைவர் கூட்டத்தில் தரையில் அமர்த்தப்பட்ட படம் வெளியானது. மற்ற உறுப்பினர்கள் நாற்காலியில் இருந்தார்கள். கணவர்தான் ஆட்சி செய்கிறார் என்று பெண் தலைவர்களைக் கிண்டல் செய்வோர், அந்த நாற்காலியை மறுத்தவர்கள் யார் என்று கேட்பதில்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் அங்கே வேலை செய்தது, படம் வெளியே வந்ததால்.

சுழற்சி என்பது இன்னொரு கண்ணி. உள்ளாட்சியில் ஒதுக்கீடு மாறியதும் ஐந்தாண்டு பழகிய தலைவரைக் கட்சி மறந்துவிடுகிறது. பொது இடத்தில் அவரை நிறுத்துவதில்லை. 106ஆவது திருத்தத்தின்படி மகளிர் தொகுதிகள் ஒவ்வொரு தொகுதி மறுவரையறைக்குப் பின்னும் மாறும்; முழு ஏற்பாட்டுக்கும் ஆயுள் தொடக்கத்தில் 15 ஆண்டுகள். எந்த மூன்றில் ஒரு பங்கு என்பதை எந்த அளவுகோலால் தேர்வது என்று திருத்தம் சொல்லவில்லை. பட்டியல் சாதித் தொகுதிக்காவது, அவர்கள் மக்கள்தொகை ஒப்பீட்டளவில் கூடுதலாக உள்ள பகுதியில் அமைய வேண்டும் என்ற விதி மறுவரையறைச் சட்டத்தில் இருக்கிறது. மகளிர் தொகுதிக்கு அப்படி ஒன்று இல்லை. செல்வாக்குள்ள ஆண் உறுப்பினர்களின் தொகுதிகள் தப்பிக்கவும், போராட்ட மரபுள்ள தொகுதிகள் சுழலவும் இதில் இடமிருக்கிறது.

2002ஆம் ஆண்டு மறுவரையறைச் சட்டத்தின்கீழ் ஆணையம் தன் வரைவை அரசிதழில் வெளியிட்டு, ஆட்சேபங்களைப் பெற்று, மாநிலங்களில் பொது அமர்வு நடத்தியது. ஒவ்வொரு மாநிலத்திலிருந்தும் ஐந்து மக்களவை உறுப்பினர்களும் ஐந்து சட்டமன்ற உறுப்பினர்களும் இணை உறுப்பினர்களாக உட்கார்ந்தனர். அவர்களுக்கு வாக்கில்லை, குரல் இருந்தது. அடுத்த மறுவரையறைக்கு எழுதப்படும் சட்டத்திலும் இந்தப் பொது அமர்வு இடம்பெற வேண்டும். இணை உறுப்பினர்களில் தலித் பெண்கள் கட்டாயம் இருக்க வேண்டும். மகளிர் தொகுதியைத் தேர்வதற்கான அளவுகோல் முன்கூட்டியே அச்சில் வர வேண்டும். கட்சிகளிடம் கேட்க வேண்டியது வேறு: தனித்தொகுதி வேட்பாளரைத் தீர்மானிக்கும் முன் அந்தத் தொகுதியின் தலித் உறுப்பினர்கள், பெண்களும் ஆண்களும், கூடி வாக்களிக்கும் முன்தேர்வு. சட்டத் திருத்தம் எதுவும் இதற்குத் தேவையில்லை. மாவட்டத்துக்கு ஒரு கூட்டம், ஒரு வாக்குப்பெட்டி, 1937இல் நடந்த ஒரு முறை.